எடைக்கு எடை தூக்கிய மாப்பிள்ளை

கோணக்காட்டில் பெண் கேட்கிறவன் கோயில் வாசலில் கிடக்கும் உருண்டைக் கல்லைத் தோளுக்குத் தூக்கவேண்டும். தன் மகள் சிலம்பாயி விஷயத்தில் மட்டும் சின்னாண்டி நியாயம் பார்த்தார்.

"ஒல்லிக்கும் தடியனுக்கும் ஒரே கல்லா? அவனவன் எடைக்கு எடை தூக்கட்டும். யாரு முதல்ல தூக்குறாகளோ அவுகதான் என் மாப்பிள்ளை. வாக்கு மாறமாட்டேன்."

அவருடைய அக்கா மகன் ஒச்சுவுக்குச் சிலம்பாயி மேல் உயிர். அவளுக்கும் அப்படியே. பருத்தி நிறுக்கும் தராசில் ஒரு தட்டில் ஒச்சுவை உட்காரவைத்து, மறு தட்டில் சமமாக ஒரு கல் வைத்தார்கள். அந்தக் கல்லை அவனால் அசைக்கக்கூட முடியவில்லை.

"பட்டினி கெட. நீ எளைச்சா கல்லும் எளைக்கும்" என்றார் ஊர்ப் பெரியவர் மொக்கராசு.

ஒச்சு பட்டினி கிடந்தான். மறுபடி நிறுத்தபோது சின்னக் கல்லே போதுமாக இருந்தது. ஆனால் தூக்கக் குனிந்தவன் நிமிரவில்லை. அவனைத்தான் நாலு பேர் தூக்கினார்கள்.

தெம்புக்கு அவன் வாயில் பொரியைப் போட்டார்கள். கீழே சிந்தியதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் ஓர் எறும்பு நடந்தது.

மொக்கராசு குனிந்து பார்த்தார். "பொரி பெருசா, எறும்பு பெருசா?"

"பொரிதான்" என்றது கூட்டம்.

"அப்ப எடைக்கு மேலயே தூக்கியாச்சு."

சின்னாண்டி தலையில் கைவைத்தார். "வாக்குக் குடுத்துட்டேனே! என்ன வகையறாவோ?"

"கறுப்பு எறும்பு. கடிக்காது. நல்ல குடும்பம்."

"நான் மொறமாப்பிள்ளை, மாமா!" என்று அழுதான் ஒச்சு.

"நீ பொரியவாச்சும் தூக்குனியாடா?"

சிலம்பாயி கேட்டாள்: "ஏப்பா, தாலி கட்ட அவருக்குக் கை எட்டுமா?"

பொழுது சாயும்வரை பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒச்சுவின் புறங்கையில் எறும்பை ஏற்றிவிட்டு, அவன் கையாலேயே மூன்று முடிச்சும் போடச் சொன்னார்கள். ஊரே அட்சதை தூவியது. மாப்பிள்ளை இறங்கி, அதில் ஓர் அரிசியைத் தூக்கிக்கொண்டு சுவர்ப் பொந்துக்குள் போய்விட்டார்.

"இப்பவே சம்பாத்தியத்துக்குக் கெளம்பிட்டாரு பாரு! அவரு வர்ற வரைக்கும் நீ பொண்ணப் பாத்துக்கடா, ஒச்சு" என்றார் மொக்கராசு.

ஒச்சு முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு சம்மதித்தான்.

தலைதீபாவளி வந்தது. சின்னாண்டி ஜவுளிக்கடைக்குப் போனார்.

"மாப்பிள்ளைக்கு எத்தனை வேட்டிங்க?" என்றார் கடைக்காரர்.

சின்னாண்டி கணக்கில் சுத்தமானவர். விரல்விட்டு எண்ணினார்.

"ரெண்டு காலுக்கு ஒரு வேட்டி. ஆறு காலு. மூணு எடுங்க."