ஆமை கொடுத்த முட்டிச் சில்லு

அந்தக் காலத்தில், ஆமைக்கும் மனுஷனுக்கும் பேச்சுவார்த்தை இருந்தபோது, முட்டியில் சில்லு என்று ஒன்று கிடையாது. எல்லோரும் காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார்கள்.

பாறைமேட்டில் சடைச்சி என்றொருத்தி இருந்தாள். குளமோ அடிவாரத்தில். தினமும் இறங்கித் தண்ணீர் சுமந்து ஏறியவள், ஒருநாள் கரையிலேயே கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். "நடக்க முடியாதவளை எம் புருஷன் வச்சுக் கஞ்சி ஊத்துவானா?" என்று வாய்விட்டு அழுதாள்.

குளத்து ஆமைக்கும் அப்போது ஒரு துக்கம். முட்டைக்குள்ளேயே செத்துப்போன குஞ்சின் ஓட்டைக் கவ்விக்கொண்டு, எங்கே வைப்பதென்று தெரியாமல் அலைந்துகொண்டிருந்தது.

"இந்தா, இதை உன் முட்டிமேல வச்சுக்க. எம் பிள்ளை உங்கூடவாவது நாலு இடம் பார்க்கட்டும்," என்றது ஆமை. "ஆனா ஒண்ணு. கோடையில நாங்க சேத்துக்குள்ள படுத்துடுவோம். அப்ப அதுக்கும் ஓய்வு வேணும், சுமை கூடாது. உட்கார்ந்து காலை நீட்டி, தொடையை இறுக்கி இறுக்கி விடு. தொடை வலுவா இருந்தாத்தான் அது இடம் நழுவாம நிக்கும்."

சடைச்சி சத்தியம் செய்தாள். அவளைத் தேடி வந்த புருஷன் மொக்கையனும் பெரிதாகத் தலையாட்டினான். ஓடு சதையோடு ஒட்டிக்கொண்டது. சடைச்சி துள்ளி எழுந்தாள்.

கோடையில் திருவிழா வந்தது. அம்மனுக்கு மஞ்சள் நீர் ஊற்ற வீட்டுக்கொரு குடம் சுமப்பது வழக்கம். மொக்கையனுக்கு வாய் சும்மா இருக்குமா? "எம் பொண்டாட்டி ஒருத்தியே அத்தனை குடமும் கொண்டாந்திடுவா!" என்று சன்னதியில் நின்று மீசையை முறுக்கினான், பெரிய மனுஷன்! அம்மன் முன்னால் சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது. ஊர்க் கட்டு அப்படி.

"ஆமைகிட்டச் சொன்ன வார்த்தை என்னய்யா ஆச்சு?" என்றாள் சடைச்சி.

"அம்மன்கிட்டச் சொன்னது அதைவிடப் பெருசுடி. ஊர்ல என் மானத்தை வாங்காத."

போனாள், பாவி மகள். இறங்கினாள், ஏறினாள். முட்டிக்குள் நறநறவென்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள். கடைசிக் குடத்தைத் தூக்கி ஏறும்போது சில்லு நழுவி, குப்புற விழுந்தாள். ஊரே ஓடிவந்து, கொட்டிய தண்ணீரைப் பார்த்து, "அய்யோ, அம்மன் தண்ணி!" என்றது. அவளைத் தூக்க ஆளில்லை.

சேற்றைப் பிளந்துகொண்டு ஆமைதான் வந்தது. முட்டியைத் தடவிப் பார்த்தது. "எம் பிள்ளையைக் குடுத்துடு," என்றது.

"சதையோட வளந்துபோச்சே ஆத்தா. பிய்ச்சா எனக்குக் காலே இருக்காது."

ஆமை நழுவிய சில்லை மூக்கால் தள்ளி அதன் இடத்தில் வைத்தது. "வச்சுக்க. ஆனா கீழே இறங்கும்போதெல்லாம் அது என்னைத் தேடி அழும். ஓய்வு குடுத்தா அடங்கும். உனக்கு அதை யாரு குடுக்கப் போறா?" என்று சொல்லிவிட்டு, மொக்கையனை ஒருமுறை முறைத்துத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. அப்புறம் மனுஷரோடு அது பேசவே இல்லை.

சடைச்சியின் பிள்ளைகள் சில்லோடே பிறந்தார்கள். அன்று முதல்தான் படி இறங்கும்போது முட்டிச் சில்லு அப்படி நோகிறது. நோகிறது என்று சொன்னால், வீட்டில் இருக்கிறவர்கள், "இன்னிக்கு மட்டும் பொறுத்துக்க" என்கிறார்கள்.