நான்கு படியும் ஒரு கொட்டானும்

ரொம்பக் காலத்துக்கு முன்னால், வேங்கைநாடு என்றொரு சீமையை மல்லகண்டர் என்ற ராஜா ஆண்டுவந்தார். ஆண்டார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். காலையில் யாருக்குப் பொன்னாடை போர்த்தினாரோ, அவரையே மாலையில் சுண்ணாம்புக் காளவாயில் தள்ளச் சொல்லும் ஆள் அவர். அரண்மனையில் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் மூச்சு விட்டார்கள்.

அப்பேர்ப்பட்ட ராஜாவிடம் நல்ல சட்டம் ஒன்றும் இருந்தது. அரண்மனைச் செலவில் எந்த வேலை நடந்தாலும், அதைக் குத்தகைக்கு எடுத்தவர் அந்த ஊரில் வழங்கும் கூலியைக் குறைக்காமல் கொடுக்க வேண்டும். அமைச்சர் ஆதிநாதர், ராஜா சிரித்த முகமாக இருந்த ஒரு நாளாகப் பார்த்து முத்திரை வாங்கிய சட்டம் அது.

பெரிய ஏரியில் மிஞ்சும் தண்ணீர் வழிந்து போகக் கலிங்கு கட்ட வேண்டியிருந்தது. ஆதிநாதர் மேல் வெகுநாளாகப் பொறாமை கொண்டிருந்த பொக்கிஷதார் நல்லமருது, தன் மைத்துனன் காசிலிங்கத்தைக் கூட்டிவந்தார். மற்றவர்கள் கேட்டதில் பாதிக்கே கட்டித் தருவதாகச் சொன்னான் அவன்.

"இந்த விலைக்குக் கல்லும் சுண்ணாம்பும்தான் வரும் மகாராஜா. கூலி எங்கிருந்து வரும்?" என்றார் ஆதிநாதர்.

"அரண்மனைப் பணம் மிச்சமானால் அமைச்சருக்கு வயிறு எரிகிறது" என்று சிரித்தார் நல்லமருது. ராஜாவும் சிரித்தார். வேலை காசிலிங்கத்துக்குப் போனது.

மூன்று மாதம் கழித்து ராஜா வேலையைப் பார்க்கப் போனார். முந்நூறு பேர் மண் சுமந்துகொண்டிருந்தார்கள். "எல்லோருக்கும் இந்த ஊர்க்கூலி நாலு படி நெல் கிடைக்கிறதா?" என்று பெருமையாகக் கேட்டார்.

வெள்ளச்சி என்ற மண் சுமக்கும் பெண் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். "இல்லீங்க சாமி. பாதிதான் கெடைக்குது."

ராஜாவின் மீசை துடித்தது. மற்றவர்களைக் கேட்டார். அவர்களுக்குப் பின்னால் காசிலிங்கத்தின் ஆட்கள் தடியோடு நின்றார்கள். ஒவ்வொருவரும் தரையைப் பார்த்தபடி, "கெடைக்குது சாமி" என்றார்கள். வெள்ளச்சியின் புருஷனும் அதையேதான் சொன்னான். சொல்லிவிட்டு அழுதான்.

"என் சட்டத்தையே பொய்யாக்கப் பார்க்கிறாயா? நாளை உச்சிப் பொழுதுக்குள் அத்தாட்சி காட்டு. இல்லையென்றால் அந்தக் காளவாய்!" என்றார் ராஜா. கலிங்குக்குச் சுண்ணாம்பு சுடும் காளவாய் பக்கத்திலேயே புகைந்துகொண்டிருந்தது.

காவலில் இருந்த அவளை ஆதிநாதர் போய்ப் பார்த்தார். பயத்தில் அவளுக்குப் பல் கடகடவென்று அடித்துக்கொண்டது. மடியில் ஒரு பனையோலைக் கொட்டானை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"இது எதுக்கம்மா?"

"கூலி வாங்கங்க. இங்க படி கெடையாது. எல்லாரும் ஒரே அளவுல கொட்டான் முடைஞ்சு கொண்டாரணும்னு குத்தகைக்காரரு ஒரு மாதிரிக் கொட்டான் காட்டியிருக்காரு. அது நெறைய அள்ளிக்கிட்டுப் போகணும்."

படி என்று ஒன்று இருந்தால்தானே கள்ளப்படி என்று பிடிப்பார்கள்! காசிலிங்கம் அதையும் யோசித்து வைத்திருந்தான். ஆதிநாதர் கொட்டானை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாளைக்கு நீ ஒன்றும் பேசாதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தவறினால் அவருக்கும் அதே கதிதான். காளவாயில் இரண்டு பேருக்குத் தாராளமாக இடம் இருந்தது.

மறுநாள் காளவாய்க்குப் பக்கத்திலேயே சபை கூடியது.

"காசிலிங்கம், ஒரு நாள் கூலியை இரண்டு தடவையாகக் கொடுக்கிறீரா?" என்று கேட்டார் ஆதிநாதர்.

"ஒரே தடவைதான். கொட்டான் நிறைய. இரண்டாம் தடவை வந்தால் முதுகுத் தோல் உரியும்!"

"பொக்கிஷதாரே, நீங்களும் பார்த்தீர்களா?"

"என் கண்ணாலேயே பார்த்தேன். நாலு படி, ஒரு கொட்டான்."

ஆதிநாதர் ராஜாவைக் கும்பிட்டார். "அப்படியானால் குற்றமே இல்லை மகாராஜா. இந்தச் சந்தோஷத்துக்கு எல்லோருக்கும் இன்று ஒரு நாள் கூலியைத் தங்கள் கையாலேயே கொடுங்கள். அரண்மனை முத்திரைப் படியால், அவரவர் கொட்டானில்."

பத்துப் பேர் பார்க்கக் கொடுப்பது ராஜாவுக்குப் பிடித்த காரியம். சரி என்றார். அமைச்சரும் காசிலிங்கத்தின் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று நினைத்து வெள்ளச்சி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் ஒரு கிழவர் வந்து கொட்டானை நீட்டினார். ஒரு படி. இரண்டு படி. கொட்டான் நிறைந்துவிட்டது. ராஜா மூன்றாம் படியைக் கவிழ்த்தார். நெல் அவர் காலடியில் சிதறியது. கிழவர் அலறிக்கொண்டு காலில் விழுந்தார். "மன்னிச்சிடுங்க சாமி! இதுல இவ்வளவுதான் புடிக்கும்!"

அடுத்தவள் கொட்டானிலும் மூன்றாம் படி நிற்கவில்லை. அதற்கடுத்த ஆளுக்கும் அதே கதை. பத்தாவது ஆளோடு ராஜா நிறுத்தினார். காளவாயில் கல் வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"நாலு படி, ஒரு கொட்டான்" என்று நல்லமருதுவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார் ராஜா. "எங்கே, நீர் நிரப்பிக் காட்டும்."

நல்லமருது மண்டியிட்டு நெல்லை அமுக்கினார், குவித்தார், மறுபடி அமுக்கினார். கொட்டான் பிய்ந்துவிட்டது.

"இரண்டு பேரையும் தள்ளுங்கள் உள்ளே!" என்று ராஜா கத்தினார்.

ஆதிநாதர் குறுக்கே வந்தார். "கலிங்குக்கு இரண்டு ஆள் குறையும் மகாராஜா. இவர்கள் குறைத்த கூலியெல்லாம் இவர்கள் சொத்திலிருந்து வரட்டும். வேலை முடியும்வரை இவர்களும் மண் சுமக்கட்டும். ஆனால் நாளுக்கு நாலு படி குறையாமல் கொடுத்துவிட வேண்டும். சட்டம் இவர்களுக்கும் உண்டு."

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டார். பொக்கிஷதார் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு மண்கூடையைத் தூக்கினார்.

அதே சிரிப்போடு ராஜா வெள்ளச்சி பக்கம் திரும்பினார். அவள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தாள். "நீதான் தப்பித்துவிட்டாயே, இன்னும் என்ன பயம்?"

"நேத்து என்னையக் கொல்லச் சொன்னதும் நீங்கதானே சாமி" என்றாள் அவள்.

ஆதிநாதர் கண்ணை மூடிக்கொண்டார். ராஜா சிரிப்பை நிறுத்திவிட்டுப் புகையும் காளவாயைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுத்தரைக் கூப்பிட்டு, கூலிச் சட்டத்தின் கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னார். கூலி குறைகிறது என்று முறையிட வருபவரை யாரும் தொடக்கூடாது, ராஜாவே ஆனாலும்.

முத்திரை வைத்து அதை உரக்கப் படித்தார்கள். அதற்கப்புறம்தான் முந்நூறு பேரும் தங்கள் குறையைச் சொல்ல ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். அன்று பொழுது சாயும்வரை ராஜாவால் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை.