சூடில்லை, கடுப்பு

“உன்னாலதான்! வேற யாராலயும் இல்ல, உன்னாலதான்!”

ஓர் உடம்பின் கீழ்த்தளத்தில் குடியிருந்த சிறுநீர்ப்பை மேலே பார்த்துக் கத்தியது. அந்த வருடத்தில் ஐந்தாவது தடவையாகக் கிருமிகள் உள்ளே புகுந்திருந்தன. கத்தல் உடம்புக்காரியிடம் போய்ச் சேரும்போது வெறும் எரிச்சலாகத்தான் சேர்ந்தது. அவள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, “சூடு புடிச்சிருச்சு” என்றாள். இளநீர் வாங்கிக் குடித்தாள்.

இதயம் எப்படி இருக்கிறது என்று ஊரே விசாரிக்கும். சிறுநீர்ப்பையின் பெயரை வாய்விட்டுச் சொல்லக்கூட ஆளில்லை. அது பழகிப்போன தனிமை. ஆனால் முன்பெல்லாம் ரத்தத்தில் ரோந்து வரும் வெள்ளை அணுக்காவலர்களாவது எட்டிப் பார்ப்பார்கள். ஒரு கிருமி தலை நீட்டினால் போதும், பிடரியில் ஒன்று போட்டு இழுத்துப் போவார்கள். இப்போது அவர்களும் வருவதில்லை.

“என்னக்கா, தனியாவா இருக்க?” என்றது கிருமி. “பேச்சுத் துணைக்குப் புள்ளகுட்டியோட வந்துட்டோம்.”

“போன மாசம்தானே உன்ன மாத்திரை போட்டுத் துரத்துனாங்க?”

“அஞ்சு நாள் மாத்திரை. எரிச்சல் நின்னதும் உன் மகராசி மூணாம் நாளே நிறுத்திட்டா. நான் மூலையில சுருண்டு படுத்துக்கிட்டேன்.” கிருமி அண்ணாந்து பார்த்தது. “மேல சிறுநீரகம்னு ரெண்டு வீடு இருக்காமே. குழாய் வழியா ஏறிப் பாக்கலாம்னு இருக்கோம்.”

சிறுநீர்ப்பைக்குத் தெரியும், அந்த இரண்டும் கெட்டால் உடம்பே போச்சு. சுவரில் ஓங்கி ஓங்கி அடித்தது. வெகு நேரம் கழித்து ஒரே ஒரு காவலன் கொட்டாவி விட்டபடி வந்து சேர்ந்தான்.

“வாங்க ராசா! கல்யாணம் முடிஞ்சு, பந்தி முடிஞ்சு, பந்தலையும் பிரிச்சாச்சு. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?”

“திட்டாத. நிக்கவே முடியல.” காவலன் சுவரில் சாய்ந்தான். “தப்பு எங்க மேலதான் ஆரம்பிச்சுது. எங்க ஆளுங்க முழங்கால் மூட்டை எதிரின்னு நினைச்சு அடிச்சு வீங்க வச்சுட்டானுங்க. மூட்டு டாக்டர் எங்கள அடக்க தினமும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தாரு. கால் வலி நின்னுச்சு. ஆனா அந்த மாத்திரைக்கு முழங்கால் எது, உன் வீடு எதுன்னு தெரியாதே. மொத்தப் படையையும் தூங்க வச்சிருச்சு.”

“எனக்கு மாத்திரை குடுத்த தெருமுனை டாக்டர்கிட்ட அவ இதச் சொல்ல வேண்டியதுதானே?”

“அவரு கேக்கத்தான் செஞ்சாரு, வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறியாம்மான்னு. ‘இல்லீங்க, இது சூடுதான்’னுட்டா. கால் மாத்திரைக்கும் மூத்திரத்துக்கும் என்ன சம்பந்தம்னு நினைச்சிருப்பா.”

“சூடா?” சிறுநீர்ப்பை சீறியது. “எனக்கென்ன சூடு? கடுப்பு! நீர்க்கடுப்பு, நீர்க்கடுப்புன்னு ஊரே சொல்லுது. கடுப்பு யாருக்குன்னு ஒருத்தராவது கேட்டாங்களா?”

காவலன் இன்னொரு கொட்டாவி விட்டான்.

“சரி, அந்த மூட்டு மாத்திரையத் தூக்கிக் கடாசச் சொல்லு.”

“அய்யோ, அது வேண்டாம். திடீர்னு நிறுத்துனா அது வேற ஆபத்து. கூட்டுறதோ குறைக்கிறதோ மூட்டு டாக்டர் பாத்துச் செய்யணும். ஆனா இப்படி அஞ்சு தடவை ஆனதையே வெக்கப்பட்டு அவர்கிட்ட அவ சொல்லல. அவரப் பொறுத்தவரைக்கும் நீன்னு ஒருத்தி இங்க கிடக்குறதே தெரியாது.”

அதற்குமேல் அவனால் கண்ணைத் திறந்து வைக்க முடியவில்லை. நின்றபடியே தூங்கிப்போனான்.

சிறுநீர்ப்பை அவனைத் தட்டி எழுப்பவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் குறட்டைதான் அதற்குத் துணை. பிறகு குழாய்ப் பக்கம் சலசலப்புக் கேட்டது. கிருமியின் மூத்த பிள்ளை முதல் அடி எடுத்து வைத்திருந்தது. மேலே உடம்புக்காரிக்கு முதுகோரம் வலி பிடித்தது. பல் கிட்டிக் குளிர் எடுத்தது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“ஏய், படுக்காத!” சிறுநீர்ப்பை தன் முழு பலத்தையும் கூட்டிக் கத்தியது. “அஞ்சு தடவ வாய மூடிக்கிட்டு இருந்தவ நீ. எந்திரி. ஆஸ்பத்திரிக்கு இப்பவே போ. கால் மாத்திரையையும் என் மாத்திரையையும் ஒரே மேசையில வச்சு, நடந்தது அத்தனையும் சொல்லு. நீ கெடுத்தத நீயேதான் சரி பண்ணணும். எந்திரிடி!”