மருந்து சாப்பிடாத ஒருவர்

ஆற்றங்கரை வைத்தியசாலையில் சீடராகச் சேர்ந்தபோதே பூவலிங்கத்துக்கு ஆசானைவிட வயது கூடுதல். அதனால் ஆசான் அவரை 'நீர்' என்றுதான் பேசுவார்.

அந்த மழைக்காலத்தில் ஊரெல்லாம் காய்ச்சல். பூவலிங்கம் தானே இடித்துச் சலித்த வேர்ப்பொடியை எல்லோருக்கும் கொடுத்தார். எல்லோரும் எழுந்து நடமாடினார்கள். அக்கரையிலும் காய்ச்சல், மருந்து வேண்டும் என்று படகுக்காரர் வந்து நின்றார்.

"போகட்டுமா ஆசானே? கைகண்ட மருந்து."

"மருந்து சாப்பிடாதவர்கள் என்ன ஆனார்கள்?"

"அப்படி யாரும் இல்லையே. ஒருவர் விடாமல் கொடுத்தேனே."

"மழையும்தான் நின்றது. அதுவும் உம்முடைய பொடியாலா?"

பூவலிங்கத்துக்குச் சுருக்கென்றது. "காய்ச்சலில் கிடப்பவரிடம், உமக்கு மட்டும் மருந்து இல்லை என்று எப்படிச் சொல்வது? என்னால் ஆகாது."

"என்னாலும் ஆகாது" என்றார் ஆசான்.

இருவரும் முடிவு சொல்லாததால், சந்தை நாளில் மறுபடி வருவதாகச் சொல்லிப் படகுக்காரர் வெறுங்கையோடு போனார்.

மறுநாள் ஆசானே காய்ச்சலில் படுத்தார். பூவலிங்கம் பொடியைத் தேனில் குழைத்துக்கொண்டு ஓடிவந்தார். ஆசான் அதைத் தொடவில்லை. கஞ்சித்தண்ணீர் மட்டும் கேட்டார்.

"என்ன விளையாட்டு இது, ஆசானே?"

"சாப்பிடாத ஒருவன் உமக்கு வேண்டுமே."

"ஒருவர் போதுமா?"

"போதாது. ஆனால் இதுவரை அந்த ஒருவனும் உம்மிடம் இல்லை."

பூவலிங்கம் பாயருகிலேயே உட்கார்ந்திருந்தார். ஆசான் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். மருந்தில்லாமலே பிழைத்துவிடுவாரோ என்று மனதின் ஒரு மூலையில் பயமாகவும் இருந்தது. அந்தப் பயம் தன்னுடையதுதான் என்று தெரிந்தபோது கூசிப்போனார்.

சந்தை நாளன்று படகுக்காரர் வாசலில் வந்து நின்றார். "கிளம்பலாமா வைத்தியரே? அங்கே கஞ்சி காய்ச்சுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். உங்கள் மருந்து வரட்டும் என்று வெறும் வயிற்றோடு கிடக்கிறார்கள்."

பூவலிங்கம் உள்ளே போய் ஆசானின் நெற்றியில் கை வைத்தார்.

"இன்னும் சுடுகிறது, ஆசானே. இப்போதாவது கொஞ்சம் சாப்பிடுங்கள்."

ஆசான் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பினார். உள்ளங்கை முழுக்க வியர்வை. குளிர்ந்த வியர்வை.

பூவலிங்கம் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"குளிர்ந்த கைக்கு எந்த நெற்றியும் சுடும். முதலில் அக்கரையில் கஞ்சி காய்ச்சச் சொல்லும்" என்றார் ஆசான். "பிறகு படகுக்காரரை உள்ளே கூப்பிடும். நான் மருந்து சாப்பிட்டேனா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. என் நெற்றியை அவர் தொட்டுச் சொல்லட்டும்."