பனங்காடை சிறகை மடக்கிய கதை

பறவைகளுக்கெல்லாம் வாய்ப்பேச்சு இருந்த அந்தக் காலத்தில், செம்மண் காட்டில் நின்ற ஒரு மொட்டைப் பனையின் பொந்தில் பனங்காடைக் குடும்பம் ஒன்று இருந்தது. புருஷன் பேர் மினுக்கன். பெண்டாட்டி பேர் செம்பி. அப்போதெல்லாம் பனங்காடைக்கு உச்சி முதல் வால் வரை நீலம்தான். சும்மா உட்கார்ந்திருந்தாலே பார்க்கிறவர்களுக்குக் கண் கூசும்.

மினுக்கன் நல்லவன். அதில் செம்பிக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எதைச் செய்தாலும் பகட்டாகத்தான் செய்வான், அதுதான் அவளுக்குத் தலைவலி. தண்ணீர் குடிக்கப் போனால்கூடக் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி, கரையில் நிற்கிற கொக்கும் நாரையும் தலையைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் அலகை நனைப்பான். குஞ்சு பொரித்ததும் கேட்கவே வேண்டாம். ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்தால் நேரே வீட்டுக்குக் கொண்டுவர மாட்டான். பனங்காடு முழுக்க ஊர்வலம். என் பிள்ளைகளுக்காக்கும், என் பிள்ளைகளுக்காக்கும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வருவான். வாயில் வெட்டுக்கிளியை வைத்துக்கொண்டு எப்படிப் பேசினான் என்று என்னைக் கேட்காதீர்கள். பீற்றிக்கொள்வதென்று முடிவெடுத்தவனுக்கு வாய் ஒரு தடையா?

வெட்டுக்கிளி வீடு வந்து சேரும்போது வெயிலில் காய்ந்து சருகாகியிருக்கும். குஞ்சுகள் வாங்கிப் பார்த்துவிட்டுத் துப்பும். செம்பி திட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. திட்டி முடித்து அவன் முகத்தைப் பார்த்தால் அவளுக்கே சிரிப்பு வந்துவிடும். பாவி, ஆசையில்தானே செய்கிறான் என்று விட்டுவிடுவாள்.

ஒருநாள் பக்கத்து மரத்து மைனா பதறிக்கொண்டு வந்தது. வல்லூறு ஒன்று காட்டுக்குள் புகுந்திருக்கிறதாம். அந்த நீலக்காரன் இரையோடு எந்த மரத்துக்குப் போகிறான், குஞ்சு எங்கே இருக்கிறது என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் விசாரிக்கிறதாம். மொட்டைப் பனைப் பக்கம் போவான் என்று யாரோ சொல்லியும் விட்டார்களாம்.

குஞ்சுகளுக்கு இன்னும் இறகு முளைக்கவில்லை. பொந்தின் வாயோ அகலம். வல்லூறு தலையை நுழைத்தால் அதோடு சரி. மினுக்கன் வந்ததும் அவள் சண்டை போடவில்லை, மைனா சொன்னதை அப்படியே சொன்னாள். அவன் முகம் செத்துப்போயிற்று.

"என்னாலதானா?" என்று கேட்டான்.

"ஆமாங்க," என்றாள். பொய் சொல்லித் தேற்ற அவளுக்கு நேரமில்லை.

அவன் கீழே இறங்கினான். பனையடியில் மழைத்தண்ணீர் தேங்கிச் செம்மண் சேறாகிக் கிடந்தது. சிறகை இறுக மடக்கிக்கொண்டு அதில் விழுந்து புரண்டான். மார்பு, முதுகு, கழுத்து எல்லாம் சேறு. தினமும் விடிந்ததும் விடியாததுமாக அலகால் கோதிக் கோதி வளர்த்த நீலம் அது. அவன் மேலே வந்து, பொந்தின் வாயை முதுகால் அடைத்துக்கொண்டு, முறிந்த பனைமட்டை மாதிரி அசையாமல் நின்றான்.

வல்லூறு வந்து எதிர்மரத்தில் உட்கார்ந்தது. எங்கு பார்த்தாலும் நீலமே தெரியவில்லை. ஆனால் மினுக்கனின் குணம்தான் காடறிந்ததாயிற்றே. ரோஷத்தைக் கிளப்பினால் தானாக வெளியே வருவான் என்று அது குரலை உயர்த்தியது.

"ஏ நீலக்காரா, உன் நிறமெல்லாம் வெறும் சாயமாமே. உன் பெண்டாட்டியே சொல்லிச் சிரிக்கிறாளாமே. நிஜ நீலம்னா ஒரு தடவை விரிச்சுக் காட்டு, நான் போயிடுறேன்."

அவன் முதுகு நடுங்குவது உள்ளே இருந்த செம்பியின் மார்பில் பட்டது. மடக்கிய சிறகு ஒரு நெல்லளவு விலகி, உள்ளேயிருந்து நீலம் எட்டிப் பார்த்தது. யாரும் கேட்காமலே இத்தனை நாளும் காட்டித் திரிந்தவனிடம் இப்போது ஒருவன் கேட்கிறான். அவன் படுகிற பாடு அவளுக்குத் தெரியாதா?

அவள் அவன் காதோரம் வந்து மெல்லச் சொன்னாள். "நிஜ நீலம்னு எனக்குத் தெரியும். அது போதாதா?"

சிறகு மூடிக்கொண்டது. வெயில் சாயும்வரை வல்லூறு என்னென்னவோ ஏசிப் பார்த்தது. தொண்டை வறண்டதுதான் மிச்சம். கடைசியில் இந்த மரத்தில் ஒன்றுமில்லை என்று வேறு காடு பார்த்துப் போய்விட்டது. அது போன பிறகும் மினுக்கன் வெகுநேரம் நகரவில்லை.

சேறு காய்ந்து உடம்போடு ஒட்டிப்போயிற்று. குளத்தில் எத்தனை முழுக்குப் போட்டும் மார்பின் செம்மண்ணும் முதுகின் மண்நிறமும் போகவில்லை. இறுக மடக்கியிருந்த சிறகுக்குள் மட்டும் நீலம் தப்பியிருந்தது. செம்பி அவனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு, ஜோடின்னா பொருத்தமா இருக்கணும்ல என்று சொல்லிவிட்டு, அவளும் இறங்கி அதே சேற்றில் புரண்டு வந்தாள். அவள் கழுத்தில் ஒட்டியிருந்த சருகை அவன் அலகால் எடுத்துவிட்டான்.

குஞ்சுகள் இறகு முளைத்துப் பறந்த பிறகு, ஒரு காலையில், எனக்கு மட்டும் ஒரு தடவை காட்டுங்க என்று செம்பியே கேட்டாள். அவன் ஜிவ்வென்று உச்சிக்கு ஏறி, மடக்கிய சிறகை முழுசாக விரித்து, குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே இறங்கினான். அவள் கண் கொட்டாமல் பார்த்தாள்.

இன்றைக்கும் கரண்ட் கம்பியில் பனங்காடை மண்ணாங்கட்டி மாதிரி உட்கார்ந்திருப்பதும், பறந்தால் மட்டும் நீலம் தெரிவதும் அதனால்தான். வானத்தில் ஏறி அது குட்டிக்கரணம் போட்டால், எங்கோ அதன் ஜோடி பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.