கியர் இல்லாத வண்டி

ஏலகிரி மலைமேல் ஒரு மடம். மடத்தின் பழைய ஜீப் போன மழையோடு உயிரை விட்டது. வேறு வண்டி வாங்கியே ஆகவேண்டும். பிரசவ வலி எடுத்த பெண்ணையும் பாம்பு கடித்த ஆளையும் கீழே திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்த மடத்தின் வேலை. வண்டி இல்லாமல் எப்படி?

மடத்தை நடத்துபவர் அருளம்மை. அவருக்கு நாற்பது வயதுகூட நிறையவில்லை. சீடர்களில் வயதில் மூத்தவர் தணிகாசலம். ஆயுசு முழுக்க அதே ஏலகிரி மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற கையோடு மடத்துக்கு வந்துவிட்டார். சின்ன வயதுக்காரர் காலில் விழுகிறோமே என்ற கூச்சமெல்லாம் அவருக்கு இல்லை.

கூச்சம் வேறு இடத்தில் இருந்தது. தியானத்தில் உட்கார்ந்தால் அவருக்குக் குறட்டை வந்துவிடும். பதிகம் பாடினால் பக்கத்தில் இருப்பவர் மெல்ல நகர்ந்து உட்காருவார். குருவுக்குச் செய்வதற்கு அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். வண்டி ஓட்டுவது. அம்மையும் அவரை வாய் நிறைய "டிரைவரய்யா" என்றுதான் கூப்பிடுவார்.

அதற்குத்தான் இப்போது ஆபத்து வந்தது.

வாணியம்பாடியில் பழைய கார் வாங்கி விற்கும் ஹபீப் பாய், ஒரு வெள்ளைக் காரை மேலே கொண்டுவந்து நிறுத்தினார். தணிகாசலம் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"கிளட்ச் எங்க பாய்?"

"கிளட்ச்சும் கிடையாது, கியரும் கிடையாது பெரியவரே. சி.வி.டி. வண்டி. உள்ள ரெண்டு உருளை, நடுவுல ஒரு பெல்ட். ஏத்தமா இறக்கமா பார்த்து அதுவே கூட்டிக்கும், அதுவே குறைச்சுக்கும். சைக்கிள் விடத் தெரிஞ்சா போதும், யார் வேணாலும் ஓட்டலாம்."

யார் வேணாலும். அந்த வார்த்தை தணிகாசலத்தின் நெஞ்சில் மீன்முள் மாதிரி மாட்டிக்கொண்டது.

"ஓட்டிப் பாருங்க டிரைவரய்யா" என்று சொல்லிவிட்டு அம்மை பின்சீட்டில் ஏறினார். அவர் பக்கத்தில், கீழே ஒரு வீட்டுக்குக் கொடுக்க எடுத்து வைத்திருந்த பலாப்பழம். முன்னால் ஹபீப் பாய்.

வண்டி நழுவிக்கொண்டு போனது. முதல் வளைவு வந்தது. அத்தனை வருஷப் பழக்கம் சும்மா விடுமா? தணிகாசலத்தின் கை கியரைத் தேடியது. இடது கால் கிளட்சைத் தேடிப்போய் பிரேக்கை ஓங்கி மிதித்தது. கார் நின்ற நிற்பில் பலாப்பழம் பறந்து வந்து ஹபீப் பாயின் தோளில் இடித்தது. அம்மையின் நெற்றி முன்சீட்டில் முட்டியது.

"யா அல்லா! பெரியவரே, அந்த இடது காலை மடிச்சு ஓரமா வைங்க. அதுக்கு ரிட்டயர்மென்ட் குடுத்தாச்சு!"

பாய் விளையாட்டாகத்தான் சொன்னார். தணிகாசலத்துக்கு முகம் சுருங்கிவிட்டது.

"வண்டி சரியில்ல" என்றார்.

"வண்டியா பிரேக் பிடிச்சுது?"

"சத்தம் முன்னாடி போவுது, வண்டி பின்னாடி மெதுவா வருது. இதெல்லாம் ஒரு வண்டியா?"

அம்மை நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "என் பிரார்த்தனையும் அப்படித்தான் டிரைவரய்யா. சத்தம்தான் முன்னாடி போகும்."

ஹபீப் பாய் சிரித்தார். தணிகாசலம் சிரிக்கவில்லை.

"வண்டி இங்கயே இருக்கட்டும்மா. ஓட்டிப் பார்த்து, பிடிச்சா வச்சுக்குங்க. இல்லன்னா சொல்லி அனுப்புங்க" என்று பாய் பஸ் ஏறிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து தணிகாசலத்துக்குச் சோறு இறங்கவில்லை. மலையடிவாரத்தில் பொன்னேரி டீக்கடைக்குப் போய் ஒவ்வொருவராகக் கேட்டார். கேட்டால் சொல்வதற்கா ஆள் இல்லை?

"பெல்ட் வண்டியா? மலைக்கு ஆவாது அண்ணே. நடுவழியில படுத்துக்கும்."

"ரிப்பேர்னு வந்தா இங்க பார்க்க ஆள் இல்ல. பெங்களூருக்குத்தான் தூக்கிக்கினு போவணும்."

"சிட்டிக்காரங்க வாங்குவாங்க. டிராபிக்ல கால் வலிக்காதே. நம்ம ஊர்ல யாரு வாங்குவா? விக்கப் போனா கதவைத் திறந்துகூடப் பார்க்க மாட்டான்."

கேட்கக் கேட்க அவருக்கு ஒரு ஆறுதல் பிறந்தது. கவலைப்பட ஒரு நியாயமான காரணம் கிடைத்துவிட்டால் மனசுக்கு எவ்வளவு நிம்மதி! அத்தனையையும் சுமந்துகொண்டு அம்மையிடம் வந்தார். அம்மை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"தாயே, அந்த வண்டியை நம்ப முடியாதாம். பெல்ட் அறுந்துடுமாம்."

"ஹபீப் பாயைக் கேட்டீங்களா?"

"போன்ல கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

தணிகாசலம் தயங்கினார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

"பெல்ட் ரப்பர் இல்லியாம், இரும்புத் துண்டு கோத்ததாம். ஆயிலை நேரத்துக்கு மாத்தணுமாம். ஏத்தத்துல நிக்கும்போது பிரேக்கைப் பிடிக்காம ஆக்சிலேட்டர்லயே தாங்கி நிறுத்தினா சூடேறிக் கெட்டுப்போவுமாம். அந்த ரெண்டும் சரியா இருந்தா ரொம்ப நாள் உழைக்குமாம். அப்படியும் போச்சுன்னா செலவு பெருசுன்னு அவரே ஒத்துக்கிட்டார்."

"உள்ளதைத்தானே சொல்லியிருக்கார்."

"சரி தாயே. ஆனா நாளைக்கு விக்கணும்னா இந்தப் பக்கம் யாரும் வாங்க மாட்டாங்களே?"

அம்மை ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தார்.

"நான் மடத்துக்கு வந்தப்போ எங்க அப்பா இதையேதான் கேட்டார். நாளைக்கு மனசு மாறித் திரும்பி வந்தா உன்னை யாரு கட்டிப்பான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. அப்பாவுக்குச் சாப்பாடு போட்டேன். நீங்களும் உட்காருங்க, சாப்பிட்டு ரெண்டு நாள் ஆன மாதிரி இருக்கு உங்க முகம்."

அவர் உட்கார்ந்தார். அம்மையே பரிமாறினார். சாம்பார் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் என்ன, கேட்க வந்ததைக் கேட்கவில்லை என்பது அவருக்கே தெரியும்.

மறுநாள் தணிகாசலம் யாருக்கும் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு மலையில் ஏறி இறங்கினார். இடது காலைச் செருப்போடு சேர்த்து சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டார். இறக்கத்தில் லீவரை இன்னும் கீழே இழுத்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும் என்று பாய் சொல்லியிருந்தார். இழுத்துப் பார்த்தார். பிடித்தது. ஏற்றத்தில் ஆளைத் திணற வைக்காமல் ஏறியது. கோளாறு கண்டுபிடிக்கத்தான் போனார். ஒன்றும் அகப்படவில்லை. வண்டி நன்றாக இருக்கிறதே என்பதுதான் இப்போது அவருடைய கவலை.

திரும்பி வந்தபோது மடத்து வாசலில் அம்மை துணிப்பையோடு நின்றுகொண்டிருந்தார். பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். வெள்ளை அட்டையில் சிவப்பாக ஒரு எழுத்து. எல் போர்டு.

"இதை முன்னாடி ஒட்டுங்க டிரைவரய்யா. பின்னாடிக்கு இன்னொண்ணு இருக்கு."

"யாருக்குத் தாயே?"

"எனக்குத்தான். போன மாசம் திருப்பத்தூர் போனேனே, அப்பவே எல்.எல்.ஆர். போட்டுட்டேன்."

போன மாசமே. ஹபீப் பாய் வண்டி கொண்டு வருவதற்கும் முன்னாலேயே. தணிகாசலம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆனாலும் குரு சொல்லிவிட்டார். முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக ஒட்டினார். கோணலாக இருந்ததை எடுத்து மறுபடி நேராக ஒட்டினார்.

அம்மை ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"எங்க தாயே போறோம்?"

"கீழே. பொன்னேரிக்கு."

"மொத நாளே மலையிறக்கமா! வேணாம் தாயே, இங்கயே ஏரியைச் சுத்தி ஓட்டுவோம்."

"நீங்க பக்கத்துல இருக்கீங்கல்ல?"

வேறு வழி? தணிகாசலம் இடதுபக்கம் ஏறி, கைபிரேக்கின் மேல் கையை வைத்துக்கொண்டார். முருகா என்றார்.

"வலது கால் மட்டும்தான். இடது கால் தூங்கட்டும். பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு லீவரை இழுங்க. இன்னும் ஒரு படி கீழ. ம். இப்ப மெதுவா விடுங்க."

வண்டி உருண்டது.

"ஹாரன்."

"யாருமே இல்லையே?"

"வளைவுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா? அடிங்க."

அம்மை அடித்தார்.

"பக்கத்துச் சுவரைப் பார்க்காதீங்க, பாதையைப் பாருங்க. எங்க பார்க்கறீங்களோ அங்கதான் வண்டி போவும். பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருக்காதீங்க. தொட்டு விடுங்க, தொட்டு விடுங்க. அவ்வளவுதான். அந்தக் குரங்குக்கு வழி குடுங்க, அது நமக்குக் குடுக்காது."

அம்மைக்குச் சிரிப்பு வந்தது.

"சிரிக்காதீங்க தாயே, வளைவு வருது! அகலமா எடுங்க. ஓரத்துல மண்ணு, நேத்து தண்ணி ஓடியிருக்கு, அதுல ஏறாதீங்க. ஹாரன்!"

அந்தப் பக்கத்திலிருந்து பதிலுக்கு ஒரு ஹாரன் கேட்டது. பெரிய ஹாரன்.

"நிறுத்துங்க. ஓரங்கட்டி நிறுத்துங்க."

"பாதி ரோடு இருக்கே, போயிடலாமே?"

"ஏறி வர்றவனுக்குத்தான் வழி. அவன் நின்னா மறுபடி இழுக்க முடியாது. நாம இறங்கறவங்க, நாமதான் நிக்கணும். மலைச் சட்டம் இது."

அம்மை நிறுத்தினார். பஸ் முக்கி முனகிக்கொண்டு வளைவில் ஏறி வந்தது. ஓட்டியவன் கஜபதி. ஒரு காலத்தில் தணிகாசலத்தின் கீழ் வேலை பழகியவன். அவன் தலையை வெளியே நீட்டினான்.

"அம்மா, கும்பிடறேன்! என்ன மாமா, கண்டக்டர் ஆயிட்டியா? விசில் எங்க?"

பஸ்ஸுக்குள் நாலு பேர் சிரித்தார்கள். பஸ் ஏறிப் போய்விட்டது. தணிகாசலம் கைபிரேக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போகலாமா?" என்று அம்மை கேட்டார்.

"போலாம். கண்ணாடியைப் பார்த்துட்டுப் போங்க."

அதற்குப் பிறகு அவர் குரல் தாழ்ந்துவிட்டது. ஆனால் ஒரு வளைவுக்குக்கூடச் சொல்லாமல் விடவில்லை. இங்கே நிழலில் பாசி இருக்கும், இங்கே மாடு குறுக்கே வரும், இங்கே வெளிச்சத்தில் கண் கூசும் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

பொன்னேரியில் ஒரு புளியமரத்தடியில் அம்மை வண்டியை நிறுத்தி அணைத்தார். சேலைத் தலைப்பால் உள்ளங்கை இரண்டையும் துடைத்துக்கொண்டார். தணிகாசலம் இறங்கிப் போய் டீக்கடையில் ஒரு சோடா வாங்கிவந்து கொடுத்தார். அம்மை குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

"வண்டி எப்படி டிரைவரய்யா? வாங்கலாமா?"

"வாங்கலாம் தாயே. நல்ல வண்டி. நான் காலையிலயே ஓட்டிப் பார்த்துட்டேன்."

"நம்பலாமா?"

"நம்பலாம்."

"விக்கப் போனா?"

"விக்கப் போறதில்லையே." காலி பாட்டிலைக் கையில் வாங்கிக்கொண்டார். "தாயே, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"வண்டியைப் பத்தி இல்ல."

"தெரியும். அதுக்குத்தான் இத்தனை நாளா காத்திருக்கேன்."

தணிகாசலம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வியர்வையைத்தான் துடைத்தாரோ என்னவோ.

"எனக்குத் தியானம் வராது. பாட்டு வராது. நாலு வார்த்தை நல்லதா பேசவும் வராது. வண்டி ஒண்ணுதான். அதுவும் இப்ப தானா ஓடுது, யார் வேணாலும் ஓட்டலாம். நீங்களே ஓட்ட ஆரம்பிச்சுட்டீங்க. அப்போ எனக்கு இங்க என்ன வேலை? போன்னு சொல்றதுக்குப் பதிலாத்தான் அந்த அட்டையைக் குடுத்தீங்களா?"

அம்மை கதவைத் திறந்து வெளியே வந்தார்.

"ஐப்பசியில உங்களுக்குக் காய்ச்சல். ஞாபகம் இருக்கா? உடம்பு தணலா கொதிச்சுது. அப்போதான் பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணுக்குப் பிரசவ வலி எடுத்துது. வேற யாருக்கும் ஜீப் ஓட்டத் தெரியல. நீங்க எழுந்து வந்து ஓட்டினீங்க. நான் பின்னாடி அவ கையைப் பிடிச்சுக்கிட்டு சாமியைக் கூப்பிட்டேன். அவளுக்காக இல்ல."

தணிகாசலம் நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்குத்தான் முடிவு பண்ணினேன், ஓட்டக் கத்துக்கணும்னு. அந்த ஜீப்பை என்னால ஓட்ட முடியாது. கிளட்ச்சே எனக்கு மிதிபடாது. ஹபீப் பாய்கிட்ட இந்த மாதிரி வண்டி ஒண்ணு பாருங்கன்னு சொன்னது நான்தான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தாயே?"

"சொல்லியிருந்தா, காய்ச்சலே வராதுன்னு சத்தியம் பண்ணியிருப்பீங்க."

பண்ணியிருப்பார்தான்.

"அதெல்லாம் சரி தாயே. ஆனா நல்லா ஓடற வண்டி வந்தாச்சு, ஓட்ட ஆளும் வந்தாச்சு. நான் எதுக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே."

அம்மை மலையைக் காட்டினார். இறங்கி வந்த பாதை மரங்களுக்கு நடுவே துண்டுதுண்டாகத் தெரிந்தது. ஒரு லாரி வளைவில் மறைந்து, மறுபடி மேலே தெரிந்தது.

"கியரைத்தான் எடுத்திருக்காங்க டிரைவரய்யா. வளைவை யாரும் எடுக்கலையே."

தணிகாசலம் காலி பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தார். பிறகு வண்டியைச் சுற்றி வந்து, தானாகவே இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.