வாட்டம் இல்லாத தளம்

மலையடிவாரத்து மடத்தில் மெய்யம்மையாரிடம் பாடம் கேட்டவர்களுள் மூத்தவர் திரவியம். ஆசிரியரைவிட அவருக்குப் பதினெட்டு வயது அதிகம். நில அளவராக இருந்து ஓய்வு பெற்றவர்.

எதற்கும் அசையாத சமநிலை வேண்டும். அது வாய்த்த அன்றே தமக்குத் துறவு தர வேண்டும். இதுவே அவர் விண்ணப்பம்.

மடைப்பள்ளியில் பாத்திரம் கழுவும் இடத்துக்கு டைல்ஸ் பதிக்கும் பணியை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். பழைய தளம் ஒரு பக்கமாகச் சற்றே இறங்கியிருந்தது. கொத்தனாரின் கவனக்குறைவு என்று எண்ணினார். பள்ளத்தைக் கலவையால் நிரவி, ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கும்வரை ஒவ்வொரு கல்லையும் தட்டித் தட்டிப் பதித்தார்.

நான்கு கற்கள் எஞ்சியிருந்தபோது சமையல் செய்யும் பேச்சியம்மாள் ஓடி வந்தாள்.

"அண்ணாச்சி, போன் வந்தது. உங்க தம்பி சுடலைமணி... காலையில நெஞ்சுவலியாம். போயிட்டாராம். நாலு மணிக்கு எடுக்குறாங்களாம்."

திரவியம் நிமிரவில்லை.

"அந்தக் கல்லை எடுத்துக் கொடும்மா."

"என்னது?"

"நாலு கல்தான் பாக்கி."

"செத்தது உங்க கூடப்பிறந்த தம்பி அண்ணாச்சி! காதுல விழுந்துச்சா?"

"விழுந்தது. நான் வரவில்லை என்று சொல்லிவிடு. கல்லைக் கொடு."

பேச்சியம்மாள் நெஞ்சில் கை வைத்தபடி பின்வாங்கினாள்.

"நீங்க மனுசனா, இல்ல வயக்காட்டுல நட்ட சர்வே கல்லா?"

நான்கு கற்களும் பதிந்தன. திரவியம் கலவை படிந்த கையோடு அம்மையார் முன் சென்று நின்றார்.

"அம்மா, தம்பி இறந்த செய்தி கேட்டேன். கை நடுங்கவில்லை. மனத்தில் சிறு வாட்டமும் இல்லை. இனித் துறவு தரலாமல்லவா?"

"தளத்தைப் பார்ப்போம், வாருங்கள்" என்றார் அம்மையார்.

அங்கே அம்மையார் ஒரு செம்பு நீரை எடுத்துத் தளத்தின் நடுவே கவிழ்த்தார்.

"அம்மா! கலவை இன்னும் இறுகவில்லை!" என்று திரவியம் பதறினார்.

நீர் பரவியது. பிறகு நின்றது. சாக்கடை வாய் ஒரு முழத் தொலைவில்தான் இருந்தது. ஒரு சொட்டும் அங்கே செல்லவில்லை.

எட்டிப் பார்த்த பேச்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடப் பாவமே, வாட்டத்தையே எடுத்துட்டீங்களே! இனி எச்சில் தண்ணி எந்தப் பக்கம் போகும்? நாலே நாளுல நாறிப்போகுமே!"

திரவியம் திகைத்தார். "அந்தச் சரிவு... பிழையில்லையா?"

அம்மையார் அவர் பக்கம் திரும்பினார்.

"தம்பி உங்களைவிட எத்தனை வயது இளையவர்?"

"ஒன்பது."

"சிறுவயதில் அவரைப் பார்த்துக்கொண்டது யார்?"

"நான்தான். அம்மா வயல்வேலைக்குப் போய்விடுவாள். இடுப்பில் வைத்துக்கொண்டே பள்ளிக்குப் போவேன். வாத்தியார் ஏசுவார். அவன் என் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டு..."

அவர் நிறுத்திக்கொண்டார். அம்மையாரின் கண்கள் நிறைந்து, கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது.

திரவியம் அதிர்ந்து ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"அம்மா! தாங்களா? எதற்கும் அசையாதவர் என்றல்லவா தங்களை நம்பி வந்தேன்!"

அம்மையார் கண்ணீரைத் துடைக்கவில்லை.

"தரை அசையவில்லை, ஐயா. தண்ணீர் போகிறது."